விலை போகாத பாதி

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுப் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "பையன் தங்கமான பையன், ஆனால் தொழில் நிலைக்குமா?" என்பார் ஒருவர். "பணம் கொட்டிக் கிடக்கிறது, குடும்பம் எப்படி?" என்பார் இன்னொருவர். "வெளியூர்ச் சம்பந்தம் வேண்டாம், உள்ளூரிலேயே பார்ப்போம்" என்பாள் பாட்டி. இவ்வளவும் கூடத்தில் நடக்கும்போது பெண் அடுப்படியில் இருப்பாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

2025 நவம்பரில், தீபாவளி அமளியெல்லாம் ஓய்ந்த பிறகு, விருதுநகரில் ஒரு புரோட்டாக் கடை வாசலில் இதே பேச்சைக் கேட்டேன். பேச்சு கல்யாணத்தைப் பற்றியதல்ல. கால்பந்துக் கோஷ்டிகளைப் பற்றியது.

நாங்கள் நான்கு பேர். ஒருவன் என் அக்காள் மகன். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பந்து உதைப்பான். அடுத்தவன் அதே அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற வங்காளத்துப் பையன். தமிழ் பேசத் தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது என்றாலும், வைகிற தமிழில் எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டான். மூன்றாமவர் மல்லி, வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. பந்தைத் தொட்டுப் பார்த்தவரல்ல. ஆனால் எதையாவது யாராவது வாங்கப் போகிறார்கள் என்றால் காதைத் தீட்டிக்கொள்வார். நான்காமவன் நான். எண்ணெய்ப் புரோட்டாவுக்காகப் போனவன்.

அன்றைய சமாசாரம் இதுதான். இந்தியன் சூப்பர் லீக் என்ற கால்பந்துப் பந்தயத்தின் வியாபார உரிமைக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் டெண்டர் கேட்டிருந்தது. கெடு முடிந்து பெட்டியைத் திறந்தால் ஒரு டெண்டர்கூட இல்லை. வழக்கமாகத் தொடங்க வேண்டிய காலத்தில் பந்தயமும் தொடங்கவில்லை. பந்தயத்துக்கே ஆள் இல்லை என்றால் அதில் ஆடுகிற கோஷ்டிகளை யார் தாங்குவார்கள்? யார் கைவிடுவார்கள், யார் வாங்குவார்கள், யார் வாங்கினால் நல்லது? தேசம் முழுக்க அபிமானிகள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஜையிலும் அதுவே.

"சிமெண்டுக்காரன் வாங்கினா நிலைச்சு நிப்பான் மாமா" என்றான் மருமகன்.

"சினிமாக்காரன் வாங்கினா கூட்டம் வரும்" என்றான் வங்காளத்துப் பையன்.

"யாரு வேணா வாங்கட்டும் தம்பி. வாங்குறவனுக்கு அதில என்ன லாபம்? அதைச் சொல்லு முதல்ல" என்றார் அண்ணாச்சி.

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. யார் என்ன பேசினாலும், பேச்சில் எந்த வார்த்தை வரவில்லை என்று கவனிப்பான். நானும் கவனித்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் வந்த வினைச்சொற்கள் எல்லாம் வாங்குகிறவனுடையவை. அவன் வாங்குவான், பணம் போடுவான், ஆள் எடுப்பான், பெயர் மாற்றுவான், ஊர் மாற்றுவான், அலுத்துப்போனால் விற்றுவிட்டுப் போவான். அபிமானிக்கு என்று வந்த வினைச்சொல் ஒன்றே ஒன்று: பார்ப்பான். நல்லது நடந்தால் பார்ப்பான். கெட்டது நடந்தாலும் பார்ப்பான்.

இந்தச் சர்ச்சையின் பெரிய குறை இதுதான் என்று எனக்குப் படுகிறது. இது மடமையான சர்ச்சை அல்ல. நிறைய விஷயம் தெரிந்த சர்ச்சை. எந்தக் கம்பெனி எத்தனை சதவீதம் கேட்டது, எந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இந்தப் பையன்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது. "யாருக்கு விற்கலாம்?" என்று கேட்கிறார்கள். "எதை விற்கக் கூடாது?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

கல்கத்தாவை எடுத்துக்கொள்வோம். சிவகாசிக்குக் கல்கத்தா அன்னிய ஊரல்ல. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளப் போனது அங்கேதான். அந்தக் காலத்திலேயே அங்கே கால்பந்து ஒரு மதம்போல் வளர்ந்திருந்தது. மோகன் பகான் கிளப் 1889-இல் பிறந்தது. 1911 ஜூலை 29 அன்று, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்களை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது. பூட்ஸ் போட்டவர்களை வெறுங்காலால் வென்ற கதை அது. 1920-இல் ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. அன்றுமுதல் ஊர் இரண்டாயிற்று. 1997 ஜூலையில் சால்ட் லேக் மைதானத்தில் இவ்விரண்டும் மோதியபோது வந்த கூட்டம் சுமார் 1,31,000.

இப்படிப்பட்ட கிளப்புகளுக்கும் முதலாளி தேவைப்பட்டது. ஆட்டக்காரர் சம்பளம் ஏறியது. சந்தாப் பணத்தில் கிளப் ஓடாது. 1998-இல் ஒரே மதுபானக் கம்பெனி இரண்டு கிளப்பிலும் பாதிப் பங்கு எடுத்து, இரண்டின் முன்னாலும் தன் சரக்குகளின் பெயரை ஒட்டியது. ஜன்மப் பகையாளிகள் இருவருக்கும் ஒரே முதலாளி! மாமியாரும் மருமகளும் ஒரே கடையில் கடன் வைத்த கதைதான்.

2018-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு குவெஸ் என்ற கம்பெனி வந்தது, 70 சதவீதப் பங்கோடு. இரண்டே வருஷத்தில் போய்விட்டது. 2020 செப்டம்பரில் ஸ்ரீ சிமெண்ட் வந்தது, 76 சதவீதத்தோடு. பேச்சு முடித்து வைத்தவர் முதலமைச்சர் மம்தா பானர்ஜி. முதலில் ஒரு சுருக்கமான ஒப்பந்தம். பிறகு விரிவான ஒப்பந்தம் ஒன்று வந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் கிளப்பின் உரிமையெல்லாம் கைமாறிவிடும் என்று கிளப் நிர்வாகிகள் மறுத்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பணம் இல்லை என்றது கம்பெனி.

2021 ஜூலை 21 அன்று அபிமானிகள் கிளப் கூடாரத்தின் முன்னால் திரண்டார்கள். "கையெழுத்துப் போடு, ஆட்டம் நடக்கட்டும்" என்று ஒரு கட்சி. "போடாதே, கிளப்பை விற்காதே" என்று இன்னொரு கட்சி. ஒரே சிவப்பு-மஞ்சள் ஜெர்சி போட்டவர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. நிர்வாகிகள் உள்ளே இருந்தார்கள். கம்பெனி அதன் ஆபீசில் இருந்தது. அடி வாங்கியவன் அபிமானி. 2022-இல் ஸ்ரீ சிமெண்டும் போயிற்று. அந்த ஆகஸ்டில் எமாமி வந்தது. நான்கு வருஷத்தில் மூன்று முதலாளிகள்.

இந்தக் கதையை வங்காளத்துப் பையன் சொல்லிவிட்டு, "அண்ணா, ரெண்டு கட்சியும் சரிதானே?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் இரண்டு கட்சியும் சரிதான். பணம் இல்லாமல் ஆட முடியாது என்பதும் சரி. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆடுவது யார் என்பதும் சரி. ஆனால் எதை எழுதிக் கொடுக்கலாம், எதை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்ல அங்கே அபிமானிக்கு நாற்காலி இல்லை. நாற்காலி இல்லாதவன் தெருவில்தான் நிற்க வேண்டும்.

மோகன் பகான் கதை இன்னும் வேடிக்கை. 2020-இல் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் 80 சதவீதப் பங்கை எடுத்தது. ஏற்கெனவே ஏ.டி.கே. என்று ஒரு கோஷ்டி அந்தக் குழுமத்திடம் இருந்தது. இரண்டையும் சேர்த்து "ஏ.டி.கே. மோகன் பகான்" ஆக்கிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பெயருக்கு முன்னால் ஆறு வருஷப் பெயர்! அபிமானிகள் கொதித்தார்கள். "ஏ.டி.கே.-யை எடு" என்று மூன்று வருஷம் கூச்சல். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் கோஷ்டி லீக் கோப்பையை வென்ற இரவு, முதலாளி சஞ்சீவ் கோயங்கா மனமிரங்கி அறிவித்தார்: ஏ.டி.கே. போய்விடும், இனி "மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்." முன்னால் ஒட்டியிருந்தது போயிற்று, பின்னால் ஒன்று முளைத்தது. அபிமானிகள் பட்டாசு வெடித்திருப்பார்கள். நம் ஊர்ச் சரக்காகக்கூட இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது உரிமையாகக் கிடைத்ததல்ல, பிரசாதமாகக் கிடைத்தது. கொடுத்தவருக்கு மனம் வந்தது, கொடுத்தார்.

"கல்கத்தாக்காரங்களாவது கத்துறாங்க மாமா. நம்ம கத்தவே இல்லையே" என்றான் மருமகன்.

அவன் சொன்னது கிரிக்கெட் சமாசாரம். ஆட்டம் வேறு, வியாபாரம் ஒன்றுதான். 2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியபோது தூத்துக்குடிக்கு "டூட்டி பேட்ரியட்ஸ்" என்று ஒரு கோஷ்டி கிடைத்தது. முதல் வருஷமே கோப்பையை வென்றது. எங்கள் ஜில்லாவுக்கென்று கோஷ்டி இல்லாததால் கடற்கரைக்காரர்களின் கோஷ்டியை எங்களதாகப் பாவித்து, மருமகன் ஒரு ஜெர்சியும் வாங்கி வைத்திருந்தான். அந்தக் கோஷ்டியின் ஆட்டங்கள் நடந்தது எங்கே தெரியுமா? திருநெல்வேலி சங்கர் நகரில், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில், சென்னைச் சேப்பாக்கத்தில். தூத்துக்குடியில் அல்ல. பிறகு 2020-இல் கோஷ்டி சேலத்துக்குப் போய், பெயரும் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிற்று. 300 கிலோமீட்டருக்கு அப்பால். அதே சமயத்தில் காரைக்குடிக் காளையும் திருப்பூருக்குப் போய்த் தமிழன்ஸ் ஆயிற்று. தூத்துக்குடியில் யாரும் தெருவுக்கு வரவில்லை. காரைக்குடியில் ஒரு கடையும் அடைக்கவில்லை. வீடு மாறிப்போன வாடகைக்காரரைப் போல் போனார்கள். எதிர்வீட்டுக்காரரைப் போல் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். மருமகன் மட்டும் ஜெர்சியைத் துவைத்து மடித்து வைத்தான். சேலத்துக்காக அதைப் போட்டுக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

கால்பந்திலேயே நம் பக்கத்துக் கதை வேண்டுமென்றால் கோயம்புத்தூர் இருக்கிறது. சென்னை சிட்டி என்ற கோஷ்டி சென்னையிலிருந்து கோவைக்கு வந்து, 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது. 2019-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பியச் சம்பந்தம்! இதைவிட நல்ல மாப்பிள்ளை உண்டா? 2020-21-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரைக் காணோம். வாங்குகிறவன் நல்லவனா கெட்டவனா என்று மட்டும் பார்க்கிற சர்ச்சைக்கு இந்தக் கதை நல்ல மருந்து. நல்ல சம்பந்தமும் நிற்காமல் போகும். போனபின் ஊர் கையில் என்ன மிஞ்சும் என்பதை முன்னாலேயே பேசியிருக்க வேண்டும்.

ஊர் மாற்றுகிற வித்தைக்கு இன்னும் பெரிய உதாரணமும் இருக்கிறது. புனேயில் ஒரு கோஷ்டி இருந்தது. 2019-இல் அது மறைந்து, அதன் இடத்தில் ஹைதராபாத் வந்தது. ஹைதராபாத் 2022-இல் லீக் கோப்பையை வென்றது. 2025-இல் அதுவும் கைமாறி, டில்லிக்குப் போய், வேறு பெயர் சூட்டிக்கொண்டது. மூன்று ஊர், ஒரே லைசென்ஸ். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மருமகன் ஜெர்சியை மடித்து வைத்திருப்பான்.

இங்கே அண்ணாச்சி ஒரு ஆட்சேபணை சொன்னார். அவர் சொன்னது சிவகாசிப் பாஷை.

"இது நம்ம லேபிள் சமாசாரம்தானய்யா. ஒருத்தன் தீப்பெட்டி ஆபீசை விக்கிறான்னு வையி. கட்டடத்தை விக்கிறான், மெஷினை விக்கிறான், லேபிளை விக்கிறான். லேபிளுக்குத்தான் விலை. பட்டிக்காட்டில கிழவி, 'அந்தப் படம் போட்ட பெட்டி குடு'ன்னுதான் கேப்பா. ஆபீசு யாருதுன்னா கேப்பா? லேபிளை வாங்கினவன் எந்த ஊர்ல வச்சு ஓட்டினா என்ன? அவன் காசு, அவன் பாடு."

கெட்டிக்கார ஆட்சேபணை. அபிமானி என்பவன் லேபிளுக்குப் பழகிய வாடிக்கைக்காரன், அவ்வளவுதான் என்கிறார். முதலாளிகளும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கணக்குப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிழவி தீப்பெட்டியை வாங்கி அடுப்பை மூட்டுகிறாள். பெட்டிக்குள் இருக்கும் குச்சியில் அவள் பங்கு எதுவும் இல்லை. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கியவள் வேறொருத்தி. அபிமானியோ பெட்டிக்குள் இருக்கிறான். 2020 நவம்பர் 27 அன்று மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் முதன்முறையாக இந்தியன் சூப்பர் லீக்கில் மோதின. கொரோனாக் காலம், கோவாவில், வாஸ்கோவின் திலக் மைதானத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் ஆடினார்கள். மோகன் பகான் 2-0 என்று ஜெயித்தது. ஆட்டக்காரர் இருந்தார்கள், முதலாளிகள் இருந்தார்கள், லைசென்ஸ் இருந்தது, டெலிவிஷன் இருந்தது. ஆனாலும் 1997-இல் 1,31,000 பேர் பார்த்த அந்த ஆட்டத்தின் உயிர் அங்கே இல்லை. டெலிவிஷனில் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: எண்ணெய் தீர்ந்த விளக்குமாதிரி இருந்தது. பந்து வலைக்குள் போனால் சத்தம் வரவில்லை.

ஆகவே முதலாளி வாங்குகிற சரக்கில் பாதி, விற்கிறவனுடையதே அல்ல. அந்தப் பாதி மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. நூறு வருஷமாக அப்பனும் மகனும் தூக்கி வந்த பெயரின் கனம், சொந்த ஊர் என்ற உணர்ச்சி, கூச்சல், கண்ணீர் எல்லாம் அதில் அடங்கும். இதை யாரும் வாங்கவில்லை. ஏனென்றால் யாரும் இதை விற்கவில்லை. ஆனால் இதைக் காட்டித்தான் விலை பேசுகிறார்கள். இவ்வளவு பெரிய ஜனக் கூட்டம் எங்களோடு இருக்கிறது என்று சொல்லித்தான் ஒவ்வொரு கிளப்பும் முதலாளியைத் தேடுகிறது. அந்த ஜனக் கூட்டம் மட்டும் பேரம் நடக்கும் அறைக்கு வெளியே நிற்கிறது.

அந்த அறைக்குள் நாற்காலி போட்டுக்கொண்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். லண்டனில் விம்பிள்டன் என்ற கிளப்பை 2002-இல் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதித்துவிட்டார்கள். நம் தூத்துக்குடிக் கதைதான். ஆனால் அபிமானிகள் ஜெர்சியை மடித்து வைக்கவில்லை. அதே வருஷம் தாங்களே ஒரு கிளப்பை ஆரம்பித்து, ஒன்பதாம் படியிலிருந்து ஏறினார்கள். 2011-இல் தொழில்முறை லீக்கில் கால் வைத்தார்கள். 2020-இல் தங்கள் பழைய தெருவான பிளவ் லேனுக்கே, புது மைதானம் கட்டித் திரும்பினார்கள்.

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி. கிளப்பின் ஆட்டத் தொழிலைக் கம்பெனியாக்கி யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். ஆனால் ஓட்டில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் அங்கத்தினர்களின் கையிலேயே இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த "மேல் ஒன்று". பணக்காரனை விரட்டவில்லை. உள்ளே வா, உட்கார், பணம் போடு. கடைசி வார்த்தை மட்டும் எங்களுடையது என்கிறது அந்த ஒன்று.

இதைக் கேட்டதும் மருமகன், "அப்போ நம்ம ஆளுகளே கிளப்பை வச்சுக்கிட்டா எல்லாம் சரியாயிரும்ல மாமா?" என்றான். இளம் வயது, ஒரு விதியைக் கேட்டால் உடனே மோட்சம் தெரிந்துவிடுகிறது. அங்கத்தினர்களே சொந்தக்காரர்களான பார்சலோனா கிளப்புக்கு 2021-இல் 100 கோடி யூரோவுக்கு மேல் கடன். தன் பெரிய ஆட்டக்காரன் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. ஜெர்மனியிலேயே லைப்சிக் கிளப்பில் ஓட்டுள்ள அங்கத்தினர்கள் ஒரு சின்னக் கூட்டம்தான். விதியின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டு உயிரை எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது, நல்ல முதலாளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதைப் போலவே ஒரு மூட நம்பிக்கை.

எனக்குப் பாடமாகப் படுவது வேல்ஸில் ரெக்ஸம் என்ற சிறு ஊர். சுரங்கத் தொழிலாளர் ஊர். 1864-இல் பிறந்த கிளப். முதலாளிகளின் கையில் சீரழிந்து முழுகப்போன கிளப்பை 2011-இல் அபிமானிகளின் சங்கமே எடுத்து நடத்தியது. நடத்தினார்கள், ஆனால் மேலே ஏற முடியவில்லை. 2020-இல் இரண்டு நடிகர்கள், ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹெனியும், 20 லட்சம் பவுண்டு போடுகிறோம், கிளப்பைக் கொடுங்கள் என்று வந்தார்கள். சங்கம் என்ன செய்தது? ஊர் மாறாது, பெயர் மாறாது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு, அங்கத்தினர்களிடம் ஓட்டுக் கேட்டது. நூற்றுக்கு 98 பேருக்கு மேல் சம்மதித்தார்கள். கிளப் 2023, 2024, 2025 என்று மூன்று வருஷம் தொடர்ந்து மேல் படிக்கு ஏறியது.

அவர்கள் விற்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விற்பது பாவமல்ல. ஆனால் அந்தப் பெண் அடுப்படியில் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைத் தானே இரண்டு கேள்வி கேட்டாள். அப்புறம் சம்மதம் சொன்னாள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம். நமக்கு ஒத்து வருமா?" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சி இதைக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் உட்கார்ந்து பேசிய இடம் விருதுநகர். இந்த ஊர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். அந்தப் பணத்திலும் அரிசியிலும் வளர்ந்ததுதான் க்ஷத்திரிய வித்யாசாலை. காமராஜர் படித்த பள்ளிக்கூடம். அதற்கு எந்த முதலாளியையும் தேடவில்லை; எந்தக் கம்பெனியின் பெயரையும் முன்னால் ஒட்டவில்லை. பணக்கார வியாபாரியும் கொடுத்தார், பானையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்த பெண்பிள்ளையும் கொடுத்தாள். முறைவைத்துப் பொறுப்பேற்றார்கள்.

இதைப் பொன்னுலகமாக வர்ணிக்க நான் தயாரில்லை. அது ஒரு ஜாதியின் அமைப்பு. அந்த வேலிக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. பிடி அரிசி போட்ட பெண்ணுக்குக் கூட்டத்தில் இடம் இருந்ததில்லை. அந்தக் குறைகளை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் சொல்கிறேன். "பாதிக்கு மேல் ஒன்று" என்று ஜெர்மானியன் சட்டப் புத்தகத்தில் எழுதியதை நம் ஊர்க் கிழவி அரிசிப் பானையில் எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் செய்தோம். விளையாட்டுக்குச் செய்யவில்லை, விளையாட்டு நமக்கு விளையாட்டாகவே போய்விட்டது. அதனால்தான் தூத்துக்குடி போனபோது நமக்கு வலிக்கவில்லை. ஒரு பிடி அரிசிகூடப் போடாத பானை உடைந்தால் யாருக்கு வலிக்கும்?

அண்ணாச்சி பேசவில்லை. டீயைக் குடித்து முடித்து, மருமகனைப் பார்த்து, "சொல்லுடே, உன் விஷயத்தைச் சொல்லு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவ்வளவு நேரம் நடந்த சர்ச்சை இந்தியாவைப் பற்றியது மட்டுமல்ல. சிவகாசியில் ஞாயிற்றுக்கிழமை பந்து உதைக்கிற இருபத்து மூன்று பையன்களுக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி ஜெர்சியும் பூட்ஸும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வெளியூர்ப் பந்தயத்துக்கு வண்டிச் செலவும் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: கோஷ்டியின் பெயரை மாற்றிக் கம்பெனி வெடியின் பெயரை வைக்க வேண்டும். பாதிப் பையன்கள் சரி என்கிறார்கள். பூட்ஸ் இல்லாமல் கால் கிழிகிறது. மீதிப் பேர் மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவன், பட்டாசு ஆலை விபத்தில் போய்விட்ட ஒரு பையன். பதில் கடுதாசி எழுத ஆள் வேண்டும். மாமா கதை எழுதுகிறவர்தானே?

எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. கல்கத்தாவையும் ஜெர்மனியையும் இவ்வளவு நேரம் அளந்தவன், இருபத்து மூன்று ஜோடி பூட்ஸின் முன்னால் தடுமாறினேன். பெயரைக் கொடுக்காதே என்று சொல்வது எனக்குச் சுலபம். என் கால் கிழியவில்லை.

கடைசியில் கடுதாசியை எல்லோருமாகச் சேர்ந்துதான் எழுதினோம். மூன்றே வரி. ஜெர்சியின் மார்பில் உங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். கோஷ்டியின் பெயர் எங்களுடையது, மாறாது. உங்களுக்கு இஷ்டமில்லாத அன்று நிறுத்திக்கொள்ளலாம், வருத்தமில்லை. நான் ஒரு நாலாவது வரியும் எழுதியிருந்தேன், கொஞ்சம் இலக்கியமாக. வங்காளத்துப் பையன் அதை அடித்துவிட்டான்.

கம்பெனி அந்தக் கடுதாசியை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். போனால் பூட்ஸ் இல்லை. அது சின்ன நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடுதாசி போன மறுநாளே பையன்கள் ஆளுக்கு மாதம் 50 ரூபாய் என்று போட ஆரம்பித்தார்கள். நோட்டு அண்ணாச்சியிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் மாத வசூல் 1,150 ரூபாய். பந்து ஒன்று வாங்கியிருக்கிறார்கள்.